கட்டில்லாத முழங்கால்

யார்க்‌ஷயர் தூறலில் ரக்பி மைதானம் சேறாகிக் கிடக்கிறது. பந்தை விலாவோடு இடுக்கிக்கொண்டு கீத் மறுபடியும் ஓடுகிறான். முன்வரிசைக்காரன் ஓடவேண்டிய ஓட்டம் அதுதான்: நேராக, வேகம் குறையாமல், மோதும் கணத்தில் மட்டும் உடம்பைத் தாழ்த்தி, தோளைக் கொடுத்து. இடது முழங்காலில் வெள்ளைக் கட்டு பளிச்சென்று தெரிகிறது. அது கல் போன்ற கால். நைந்துபோனது கட்டில்லாத வலது கால். எதிராளி கட்டைப் பார்த்து ஏமாந்து நல்ல காலில் மோதட்டும் என்று, எட்டு வருடம் உடை மாற்றும் அறையில் மண்டியிட்டு அதைக் கட்டிவிட்டவன் நெவில். இந்த வருடம் நெவில் எதிரணியின் சிவப்புச் சட்டையில் நிற்கிறான். இதோ, கீத் முன்பின் பார்த்திராத ஒருவன் பாய்கிறான். வெள்ளைக் கட்டை ஏறிட்டும் பாராமல் வலது முழங்காலில் தோளை இறக்கி, இரு கையாலும் வளைத்துச் சாய்க்கிறான். இது மூன்றாவது முறை. மூன்று முறையும் வேறு வேறு ஆள். "எந்திரிடா கெழவா, டீ ஆறுது!" என்று கூட்டத்தில் எவனோ கத்துகிறான். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துகிறார். நெவில் ஓடிவந்து, பழைய பழக்கத்தில் கை நீட்டுகிறான்.

"ரொம்ப வலிக்குதாடா?"

"எந்தக் கால்னு கேக்கமாட்டியா?" என்கிறான் கீத்.

நீட்டிய கை அந்தரத்தில் நிற்கிறது. கீத் அதைத் தொடவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடியே இடது காலின் கட்டை அவிழ்க்கிறான். பிறகு நெவில் பார்க்கப் பார்க்க, அவசரமில்லாமல், சுற்றுச் சுற்றாக வலது முழங்காலில் கட்டுகிறான்.