முன்வரிசையில் அப்பா

சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரம் ஓட்டுகிறேன். எங்கள் மேலாளர் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தால், யாரோ ஒருவர் அன்று வீட்டுக்குப் போகப்போவதில்லை என்று பொருள். இன்று அது நான்.

"சார், பொண்ணு பள்ளிக்கூடத்து நாடகத்துல நடிக்கிறா. முன்வரிசையில வந்து உக்காருவேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீங்க போயிட்டா இத்தனை படுக்கை விரிப்பையும் நானா தேய்ப்பேன்? அடுத்த ஷிப்டையும் பாத்துட்டுப் போங்க."

நாடகம் முடிந்திருக்கும் நேரத்தில், சமாதானம் சொல்ல வீட்டுக்குப் போன் போட்டேன். மகள் எடுத்தாள்.

"அப்பாதான்டா கண்ணு, கோவமா?"

"விளையாடாதீங்க அங்கிள். அப்பா என் பக்கத்துலதான் இருக்காரு. முன்வரிசையில உக்காந்து எப்படிக் கைதட்டினாரு தெரியுமா?"

போனும் கையுமாக மேலாளரிடம் ஓடினேன். 

"சார், நான் உடனே வீட்டுக்குப் போகணும். அங்க என்னை மாதிரியே ஒருத்தன் இருக்கான்!"

அவர் முகம் மலர்ந்தது. "அட, நல்லதாப் போச்சு! வீட்டுக் கவலை விட்டுது. நாளைக்கும் ரெண்டு ஷிப்டு நீங்களே பாத்துடுங்க."

மகள் இன்னும் போனை வைக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாத கதை ஒன்றை என் குரல் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.