முன்னால் இழுத்த சீட்

பட்டறையில் நின்ற அந்தக் காரின் முன்பக்கம் லாரியில் மோதி நசுங்கியிருந்தது. ஜெபராஜ் டிரைவர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்தான். அந்த விபத்தில் இறந்துபோன அவன் அண்ணனுக்கு நீளக் கால்கள். அண்ணன் ஓட்டும்போது சீட் அங்கேதான் இருக்கும். அண்ணன் மனைவி பியூலா குனிந்து, அடியிலிருந்த கம்பியைத் தூக்கி, அதைத் திரும்பவும் முன்னால் இழுத்தாள்.

"மதினி, ஒங்க லைசென்ஸ் முடிஞ்சு போச்சு. நீங்க ஓட்டுனதா சொன்னா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான். அண்ணன் ஓட்டுனதா சொல்லிருவோம். செத்துப்போன மனுசன்கிட்ட எவன் வந்து கேக்கப்போறான்?"

சொல்லிக்கொண்டே அவன் சீட்டைத் தள்ளினான். அவள் இழுத்தாள். அடியில் சிக்கியிருந்த கண்ணாடித் தூள் ஒவ்வொரு முறையும் நறநறத்தது.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "வண்டிய ஓட்டுனது யாரு?"

"எங்க அண்ணன்தான் சார்," என்று ஜெபராஜ் முந்திக்கொண்டான்.

பியூலா கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவளுடைய குட்டைக் கால்கள் பெடல்களில் சரியாகப் படிந்தன. பிறகு கையை நீட்டிப் பக்கத்து சீட்டை, ஓர் ஆள் அசந்து தூங்குகிற அளவுக்குச் சாய்த்துவிட்டாள்.

"எழுதிக்கிடுங்க சார். அவுக ஒரு நாளும் எங்கேயும் இடிச்சதில்ல. நாந்தான் இடிச்சேன்."

சர்வேயர் எழுதத் தொடங்கினார். அவர் எழுதி முடிக்கும்வரை அவள் கால் பிரேக்கை அழுத்தியபடியே இருந்தது.