மறு காது

முதல் அறை விழுந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, விண்கலம் பிழைத்துக்கொண்டது என்று.

அது கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் செவிடாகிக் கிடந்த நாட்களில் அவள் கணவன் கை நீட்டவில்லை. கட்டளை மேல் கட்டளை அனுப்பியும் அசையாத கலம். தோல்வி எல்லோருக்கும் பொது. அவன் வந்தான், சாப்பிட்டான், தூங்கினான்.

இரண்டாவது அடியில் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது.

அடிக்கு நடுவே அவனே எல்லாம் சொன்னான். காலையில் கலம் தானாகப் பேசியிருக்கிறது. நெடுநாள் பூமியின் குரல் வராததால், பழுது தன் காதில்தான் என்று முடிவுசெய்து, கட்டளை வாங்கும் கருவியை அணைத்துவிட்டு, உபரியாக இருந்த மறு காதைத் திறந்துகொண்டதாம்.

அந்த விதி அவள் எழுதியது. கல்யாணத்துக்கு முன்பு, இருவரும் ஒரே அறையில் வேலை பார்த்தபோது. கேட்கவில்லை என்றால் பூமியைச் சந்தேகிக்காதே, உன்னைச் சந்தேகி. செவிடன் காதில் சங்கு ஊதுகிற வேலை என்று அவன் கூட்டத்தில் சிரித்தான். நீக்கச் சொல்லி வாதாடினான்.

விதி கலத்தோடு மேலே போனது. அவள் வேலையை விட்டு வீட்டோடு இருந்தாள். விடச் சொன்னவன் அவன்.

இன்று எல்லோரும் கை தட்டினார்களாம். அவனும் தட்டினானாம். திட்ட இயக்குநர் அத்தனை பேர் முன்னால் அவனிடம், பெண்டாட்டி மூளையை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு இங்கே நீ என்னய்யா செய்கிறாய் என்று கேட்டாராம்.

அதைச் சொல்லும்போதுதான் அவள் தலைமுடியைப் பற்றிச் சுவரில் மோதினான்.

"நாலு வரி எழுதிட்டா நீ என்ன பெரிய இவளா?"

பதில் சொன்னால் ஓர் உதை. சொல்லாவிட்டால் இரண்டு. அவள் முழங்காலை மடக்கி வயிற்றைக் காத்துக்கொண்டாள். விலாவைக் காக்கக் கை போதவில்லை.

மேசையோரம் போன் இருந்தது. தவழ்ந்து போய் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"என்னை என்ன வேணா பண்ணுங்க. போனை மட்டும் உடைச்சிடாதீங்க, அண்ணிகிட்ட பேசணும்."

அவன் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஒன்று மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. போனைத் தரையில் அடித்தான். குதிகாலால் மிதித்தான். வாளித் தண்ணீரில் போட்டான். இனி யாரிடம் வேண்டுமானாலும் பேசிக்கொள் என்றான்.

அவனுக்கு மூச்சு வாங்கியது. போய் மூஞ்சியைக் கழுவு, பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

தினமும் பொழுது சாயும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அண்ணன் வீட்டுக்குப் பேசவைப்பவன் அவன்தான். நன்றாக இருக்கிறேன் என்பாள். உதடு வீங்கிய அன்றும் சொன்னாள். அவனுக்குக் காய்ச்சல் கண்டு படுத்திருந்தபோதுகூட அந்தப் பேச்சு நின்றதில்லை.

கடைசியாக அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இடைவெளியில், அடுப்படியில் அண்ணியின் கையைப் பிடித்து அவள் ஒன்று சொல்லியிருந்தாள். போனில் நான் சொல்லும் எதையும் நம்பாதீர்கள், சிரித்தாலும் நம்பாதீர்கள். போன் வராத அன்று அண்ணனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அவள் கெஞ்சிக் கேட்ட எதையும் அவன் விட்டுவைத்ததில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும்.

ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டது. பேசும் நேரமும் போய்விட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். அவனுக்குக் கேட்கட்டும் என்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.

முகத்தைக் கழுவவில்லை.