அமெரிக்கா கேட்ட பிள்ளை

மூன்றாவது சனிக்கிழமையாகவும் மேனுஷாவைக் கால்பந்து ஆட்டத்தில் இறக்காமல் கரையில் இருத்தி வைத்திருந்தார் கோச் சண்முகராசா.

லண்டன், செவன் கிங்ஸ் மைதானத்தின் ஓரத்தில் போனை உயர்த்திப் பிடித்தபடி நின்ற சிவானந்தனுக்குக் கை உளைந்தது. மகள் உள்ளே போனால்தானே படம் பிடிக்க.

பதின்மூன்று வயது மேனுஷாவை அமெரிக்கா கேட்டிருந்தது. அப்படித்தான் அவர் எல்லோருக்கும் சொன்னார். உண்மையில் கேட்டது, கோடைகாலப் பயிற்சி முகாமுக்கு வந்த ஒரு அமெரிக்கக் கல்லூரிக்காரர். "வளர்ந்ததும் எங்களிடம் வரட்டும். ஒவ்வொரு ஆட்டத்தையும் வீடியோ எடுத்து அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதம் இல்லை, கையெழுத்து இல்லை.

சிவானந்தன் அந்த ஒரு வார்த்தைக்கே கேக் வெட்டினார். கல்லூரியின் பெயர் போட்ட தொப்பி வாங்கித் தானே போட்டுக்கொண்டார். கோயிலில் மகளுக்கு அர்ச்சனை செய்தபோது, நட்சத்திரத்தோடு கல்லூரியின் பெயரையும் ஐயரிடம் சொன்னார்.

ஆட்டம் முடிந்ததும் நேரே கோச்சிடம் போனார்.

"அண்ணை, என்ர பிள்ளையில உங்களுக்கு என்ன கோவம்?"

"கோவம் ஒண்டுமில்லைத் தம்பி. அவ கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"அங்க அமெரிக்காக்காரன் வீடியோ எங்கயெண்டு கேக்கிறான்."

அமெரிக்காக்காரர் கேட்கவில்லை. இரண்டு மாதமாக அவரிடமிருந்து பதிலே இல்லை. அதைச் சிவானந்தன் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

"பதின்மூண்டு வயசுதானே. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார் சண்முகராசா.

"உங்கட பிள்ளையளை ஒருத்தரும் கேக்கேல்லை. அந்த எரிச்சல்."

சண்முகராசா குனிந்து பந்துப் பையை எடுத்தார்.

"அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ" என்றுவிட்டு, பந்துகளைப் பொறுக்கப் போனார்.

காரில் ஏறிய பிறகும் சிவானந்தனுக்கு ஆறவில்லை.

"பொறாமை பிடிச்ச மனுசன். கிளப்புக்கு எழுதி அந்தாளை மாத்திறன், பார்."

"வேண்டாம், அப்பா" என்றாள் மேனுஷா. "கோச் அங்கிளிட்ட நான்தான் கேட்டனான்."

"என்ன கேட்டனி?"

"சனிக்கிழமையில என்னை இறக்க வேண்டாமெண்டு. நீங்கள் போனைத் தூக்கினா எனக்கு வயித்தைப் பிரட்டுது. ரெண்டு தரம் சத்தியும் எடுத்தனான்."

சிவானந்தன் சாவியைத் திருப்பாமல் இருந்தார்.

"இதை ஏன் அவர் எனக்குச் சொல்லேல்லை?"

"நான்தான் சொல்ல வேண்டாமெண்டனான். நீங்கள் கவலைப்படுவியள். 'சரி, அப்பா என்னை ஏசட்டும், நீ விளையாட்டை மட்டும் விட்டுடாத' எண்டு அங்கிள் சொன்னவர்."

வெளியே சண்முகராசா பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தார்.

"அப்ப, நீ இனி விளையாடவே மாட்டியோ?" சிவானந்தனின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"விளையாடுறன்தானே, அப்பா. புதன்கிழமையில, நீங்கள் வேலைக்குப் போன பிறகு. போன கிழமை மூண்டு கோல்."