மூன்றும் ஒரே டம்ளரில்

காலையில் இசக்கியம்மாள் கொண்டுவரும் டம்ளரின் வாடைக்குத் தெருப்பூனைகள் ஊரைவிட்டே ஓடிப்போயின. பிறக்கப்போகும் பேரப்பிள்ளையின் நிறத்துக்குக் குங்குமப்பூப் பால், பலத்துக்குப் பச்சைமுட்டை, அறிவுக்கு ஆட்டு மூளை. தனித்தனியாகக் கொடுத்தால் ஏதாவது விட்டுப்போகும் என்று மூன்றையும் சேர்த்தே கடைந்துவிடுவாள். மேலே ஆடை படர்ந்திருக்கும். அடியில் என்னவோ வழுக்கும்.

ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் செவ்வந்திக்கு அதைக் கண்டாலே குடல் தொண்டைக்கு ஏறும்.

“சிரிச்சிட்டே குடிட்டி. நீ மூஞ்சியச் சுளிச்சா பிள்ளையும் சுளிச்ச மூஞ்சியோடதான் பொறக்கும்.”

“சிரிக்க வாயத் தொறக்கணும், அத்த. தொறந்தா வெளிய வந்துரும்.”

சொன்னாளே தவிர, பிள்ளையை நினைத்துப் பயந்து, நாலாம் மாதத்திலிருந்து தொண்ணூறு நாளும் கன்னம் வலிக்கச் சிரித்துக்கொண்டே விழுங்கினாள்.

ஸ்கேன் அறையில் டாக்டர் திரையை மாமியார், மருமகள் பக்கம் திருப்பினார். வயிற்றுப்பிள்ளை மூக்கைச் சுருக்கி, நாக்கை மோவாய்வரை தொங்கவிட்டிருந்தது.

“அப்படி என்னம்மா சாப்பிடுறீங்க?”

செவ்வந்தி, தொண்ணூறு நாளாக அடக்கிவைத்திருந்த முகத்தை ஆசைதீரச் சுளித்தாள். திரையையும் மருமகளையும் மாறிமாறிப் பார்த்த இசக்கியம்மாள், ஸ்கேன் முடிந்ததும் கொடுக்க மடியில் வைத்திருந்த பிளாஸ்கை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.