வரவேற்பு மணி

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கேமராவும் கையுமாக ஓடி வந்தவளுக்குப் பகீர் என்றது. கூடாரங்களில் ஈ, காக்கை இல்லை.

மூடிய மில்லின் இயந்திரங்களை முதலாளி லாரியில் ஏற்றிவிடக் கூடாதென்று, பக்கத்துத் திடலில் எட்டு மாதமாகக் குடும்பத்தோடு போராடிக்கொண்டிருந்தார்கள் தொழிலாளர்கள். அவர்கள் சமைப்பது, துவைப்பது, சண்டை போட்டுச் சமாதானமாவது எல்லாவற்றையும் ஆவணப்படமாக எடுத்துக்கொண்டிருந்தாள் அவள். அங்கே அவளுக்குப் படக்காரி என்றே பெயர்.

பத்து மணிக்கு மில்லின் முன்வாசலை முற்றுகையிடுவதென்று நேற்றைய கூட்டத்தில் முடிவாகியிருந்தது. அதையும் எடுத்திருந்தாள்.

சமையல் அக்கா மட்டும் கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் எங்கக்கா?"

விடிந்ததும் விடியாததுமாகப் பின்வாசல் வழியே மில்லுக்குள் போய்விட்டார்களாம். இந்நேரம் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இரண்டு பேர் காவல் இருப்பார்களாம். பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறார்கள் என்பதுபோலச் சொன்னாள் அக்கா.

படத்தின் உச்சக்கட்டமே இதுதான், அது படக்காரி இல்லாமலே நடந்துவிட்டது. எடுத்ததையெல்லாம் தினமும் சாயங்காலம் இரண்டு பிரதி போட்டு, ஒன்றைத் தன் பெட்டியில் பூட்டி, இன்னொன்றை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவாள். அவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்த வேலை.

"அப்ப நேத்து நடந்த கூட்டம்?"

"அது உனக்காக நடந்தது கண்ணு. நிஜக் கூட்டம் காலையில வெங்காயம் நறுக்கும்போதே முடிஞ்சிடும். நீ தெருமுனை திரும்பினதும் மணியை ரெண்டு தடவை அடிப்போம். அதோட பேச்சை மாத்திடுவோம்."

கம்பத்தில் தொங்கிய இரும்புத் துண்டுதான் அந்த மணி. தன்னைப் பார்த்த சந்தோஷத்தில் அடிக்கிறார்கள் என்று நம்பி, படத்தின் முதல் ஓசையாகவே அதை வைத்திருந்தாள் படக்காரி. ஒரே அண்டாவில் சாப்பிட்டவளுக்கு எட்டு மாதமாகவா காதில் பூச் சுற்றுவது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உங்களைக் கூடப் பொறந்தவளா நெனச்சேன் அக்கா. இப்படித் துரோகம் பண்ணிட்டீங்களே."

அக்கா ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, படக்காரியின் கையில் அதிர்ந்துகொண்டிருந்த கைப்பேசியைக் கண்ணால் காட்டினாள்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்தாள் படக்காரி. இன்ஸ்பெக்டரின் குரல் அக்காவுக்கும் கேட்கும்படி இரைந்தது.

"நீங்க அனுப்பின படத்துல பத்து மணி, முன்வாசல்னுதானே பேசினாங்க மேடம், இங்க ஒருத்தரையும் காணோமே?"