பொதுச் சுவர்

பினாங்கில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் தேநீர்க் கடையில் எதிரே வந்து உட்கார்ந்தவரை லிம் கெங் சூனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"என் பேரு ரொஸ்லான். நீங்க எழுதின 'பொதுச் சுவர்' நாடகத்துல மலாய்க்காரம்மா பக்கத்து வீட்டுச் சீனம்மாகிட்ட சொல்வாங்களே அண்ணே, 'உங்க அடுப்பு எரிஞ்சா எங்க சுவரும்தான் சுடுது, இதுல எந்தச் சாமி உசத்தி?'ன்னு. இன்னும் காதுல நிக்குது."

கெங் சூனுக்குக் கண் கலங்கியது. முப்பது வருஷத்துக்கு முந்தைய வசனம். உடனே நெற்றியும் சுருங்கியது.

"அதை மேடையில யாரும் பேசலையே. அனுமதிக்கு அனுப்பினப்பவே தணிக்கையில அடிச்சிட்டாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரொஸ்லான் தேநீரை மெல்ல ஆற்றினார்.

"அடிச்சதே நான்தான் அண்ணே. சர்க்கார் வேலை. அடிச்சனே தவிர, மறக்க முடியல."

கெங் சூன் தன் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார்.

"அந்த வசனத்தை இன்னொரு தடவை சொல்லு. சத்தமா. கடை முழுக்கக் கேக்கட்டும்."